சிவப்புக் கோட்டும் முதல் பந்தியும்

அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிரை கிளீனிங் கடை இருக்கிறது. போன வாரம் அங்கே போனபோது, கவுண்டருக்குப் பின்னால் நீளக் கம்பியில் வரிசையாகச் சிவப்புக் கோட்டுகள் தொங்கின. தங்கநிறப் பின்னல், இரண்டு வரிசைப் பித்தளைப் பொத்தான், தோளில் குஞ்சம். பக்கத்து ஹைஸ்கூல் பேண்டு வாத்தியக் குழுவினுடையவையாம். கம்பளியை எந்த மருந்தில் முக்கி எடுத்தாலும் வேர்வை வாசனை முழுதாகப் போவதில்லை. அது மூக்கில் ஏறியதும் எதற்கு வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. கடைக்காரப் பெண் இரண்டு முறை என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அந்த மாதிரிக் கோட்டு ஒன்றை நானும் போட்டிருக்கிறேன். இப்போது சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் இடுப்பைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்கு ஹூஸ்டனில் எண்ணெய்க் கம்பெனி வேலை கிடைத்து, பாளையங்கோட்டையிலிருந்து மூவரும் இங்கே வந்தோம். நான் அப்போதுதான் ப்ளஸ் டூ முடித்திருந்தேன். கையில் ஒரு கிளாரினெட். மாதா கோவில் பாடகர் குழுவில் ஒரு சிஸ்டர் கற்றுக்கொடுத்தது. என்ன வாத்தியம் என்று கேட்பவர்களிடம் நாதஸ்வரத்தின் வெள்ளைக்காரத் தங்கச்சி என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். கல்லூரியில் இசைதான் படிப்பேன் என்று அடம்பிடித்தேன். அப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நான் வாசிக்க ஆரம்பித்தாலே தோட்டத்துக்குப் போய், இல்லாத களையைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு வழிக்கு வந்தார்.

“ஒரு செமஸ்டர் படி. நான் ஒருதடவ நேர்ல வந்து பாப்பேன். சரிப்படலன்னா பேசாம கம்ப்யூட்டருக்கு மாறிரணும். அழப்பிடாது.”

சரி என்றேன். அவர் வந்து பார்க்கப்போவது என்ன என்று எனக்கே அப்போது தெரியாது.

ஊதுகிற வாத்தியம் படிக்கும் எல்லோரும் மார்ச்சிங் பேண்டில் சேர்ந்தே ஆகவேண்டும் என்பது, கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஏசி அறை, நாற்காலி, ஸ்டாண்டில் நோட்டு என்று நினைத்துக்கொண்டு முதல் நாள் போனேன். போய் நின்றது ஒரு கார் பார்க்கிங்கில். ஆகஸ்ட் மாத டெக்சஸ் வெயிலில் தார் இளகி ஷூவைப் பிடித்து இழுத்தது. இரும்புக் கோபுரம் ஒன்றின் உச்சியிலிருந்து பேண்டு மாஸ்டர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். நடந்துகொண்டே வாசிக்க வேண்டும், அதையும் நோட்டைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும், சில சமயம் நுனிக்காலில் பின்பக்கமாகவே நடக்க வேண்டும் என்றார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். யாரும் சிரிக்கவில்லை. நடக்கிறபோது கிளாரினெட்டின் முனை பல்லில் இடித்து, வீட்டுக்கு ரத்தம் கட்டிய உதட்டோடு போனேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி தண்ணீர் குடிக்க விட்டபோது வந்தது. எல்லோரும் வாத்தியங்களை அப்படியே தரையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தன் பெரிய டிரம்மின் மேல் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றான். மெலிசா என்று என் வரிசைக்காரி, ஓரமாகத் துண்டு விரித்து நான் வைத்திருந்த கிளாரினெட்டைத் தாண்டிக் குதித்து ஓடினாள். குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். திரும்பி வந்த மெலிசா, வெயிலில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து என் தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டினாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

கல்லூரி ஃபுட்பால் அணி ஆடும்போதெல்லாம் மைதானத்தில் வாசிப்பதுதான் எங்கள் வேலை. முதல் ஆட்டத்துக்கு முந்தின வாரம் சிவப்புக் கோட்டைக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, இறகு வைத்த தொப்பி உட்பட முழுசாகப் போட்டுக்கொண்டு ஹாலில் போய் நின்றேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் முதலில் பார்த்தாள்.

“ஏட்டி, இது நம்மூரு பேண்டு செட்டுக்காரன் உடுப்புல்லா” என்று சிரித்தாள்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். கோவில் திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் சவ ஊர்வலத்துக்கும் முன்னால் சிவப்புக் கோட்டில் ஊதிக்கொண்டு போவார்களே, அவர்கள். அம்மா சொன்னது சரிதான். பொத்தான்கூட அதே பொத்தான். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. “அழகாத்தான் இருக்கு” என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்பா டிவியை அணைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. என் இசைப் படிப்பு அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

“சனிக்கிழம வருதேன். பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று மட்டும் மறுநாள் சொன்னார்.

சனிக்கிழமை அம்மாவுக்கு ஜெபக்கூட்டம். அப்பா மட்டும் என்னைக் காரில் கூட்டிப் போனார். ஸ்டேடியம் வாசலில் கோட்டின் கழுத்துக் கொக்கி எனக்குச் சிக்கவில்லை. அப்பா காரிலிருந்து இறங்கி வந்தார். என் கழுத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு, ஒரே இழுப்பில் கொக்கியை மாட்டினார். தொப்பியின் வாரைத் தாடைக்கு அடியிலிருந்து எடுத்து, கீழுதட்டுக்குக் கொஞ்சம் கீழே வைத்தார்.

“அங்க போட்டா ஊதும்போது தொண்டைய அறுக்கும்” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டார்.

நாங்கள் மைதானத்தில் இறங்கியதும் ஸ்டேடியமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தச் சத்தத்தில் எனக்கு முதல் சுரமே மறந்தது. ஹாஃப்டைம் இடைவேளையில் வாசிக்கும்போது ஒரு திருப்பத்தில் எல்லோரும் இடப்பக்கம் திரும்ப, நான் கம்பீரமாக வலப்பக்கம் போனேன். மெலிசா கோட்டைப் பிடித்து இழுத்து வரிசைக்குக் கொண்டுவந்தாள். அதையும் அப்பா பார்த்திருப்பார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஹாஃப்டைம் முடிந்ததும் பேண்டுக்கு ஓய்வு. எங்களுக்கென்று ஒதுக்கிய படிகளில் உட்கார்ந்தோம். அப்பா எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்க வந்தார். அதே நேரத்தில் தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரர், ஊரில் பெயர் பெற்ற பல் டாக்டர், கழுத்தில் டையோடு தட்டை ஏந்திக்கொண்டு படிப்படியாக ஏறி வந்தார். பழைய மாணவர்கள் பேண்டுக்குச் சாப்பாடு பரிமாறுவது அங்கே வழக்கம். எங்களுக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் அவர்கள் சாப்பிடுவார்கள். அவர் என் முன்னால் குனிந்து, கோழி வேண்டுமா, பன் வேண்டுமா மேடம் என்று கேட்டார். பாட்டிலைப் பிடித்தபடி அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். பேய் அடித்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஆட்டம் முடிந்து திரும்பும்போது கார் ஃப்ரீவேயில் ஏறியது. அப்பா கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் பேசினார்.

“எங்க அப்பா பேண்டு செட்ல டிரம்பெட் வாசிச்சாவ.”

தாத்தா நான் பிறக்கும் முன்பே இறந்தவர். மில்லில் வேலை பார்த்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

“கல்யாண வீட்ல ஊரெல்லாம் சாப்ட்ட பெறவு, பேண்டு செட்டுக்கு அடுப்புக்குப் பின்னால எல போடுவாவ. பேண்டுக்காரன் மவன்னுதான் பள்ளிக்கூடத்துல என்னயக் கூப்புடுவானுவ. எனக்குப் பொண்ணு பாக்கும்போது மில்லுன்னு சொல்லிட்டோம். கல்யாணத்தன்னைக்கு பொண்ணு வீட்டுக்காரங்க பேண்டு செட்டு சொல்லியிருக்காவ. வந்து எறங்குதது அப்பாவோட ஆளுகளே. நான் ஓடிப் போயி, அப்பாவத் தெரியாத மாதிரி இருந்துக்கிடுங்கன்னு கைய எடுத்துக் கும்புட்டேன்.”

“அப்புறம்?”

“கோவில்லருந்து வீடு வரைக்கும் ஊதிட்டு வந்தாவ. ஒருத்தர்கூட அப்பா பக்கம் திரும்பல. அப்பா அன்னைக்குத்தான் முதப் பந்தியில உக்காந்தாவ, மாப்ளயோட அப்பான்னு. எலயில கை வைக்கல. பட்டினியாவே எந்திச்சுப் போனாவ. அதுக்குப் பெறவு டிரம்பெட்டத் தொடவே இல்ல.”

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. வைப்பரைத் தேவையில்லாமல் போட்டார், அணைத்தார்.

“ஒன்ன இங்க யாரும் பேண்டுக்காரின்னு கூப்புடலியா?”

“அப்படித்தாம்ப்பா கூப்பிடுதாங்க. மரியாதையாத்தான்.”

வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சொன்னார். “இதையே படி. ஆனா அம்மாட்ட நான் சொன்னதச் சொல்லாத. அவளுக்குத் தெரியாது.”

நான் படித்தேன். பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். அந்த ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். பரிமாறும் வழக்கம் போய், இப்போது ஆளுக்கொரு டப்பா வந்துவிடுகிறதாம். மெலிசா எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. அப்பாவும் போய்விட்டார். அவர் இருந்த வரை நான் வாய் திறக்கவில்லை.

அப்பாவின் வருஷப் பூசை முடிந்த அன்று, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அதிர்ந்துபோவாள் என்று பக்கத்தில் தண்ணீர்கூட வைத்துக்கொண்டேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியுமே” என்றாள் அம்மா. “பந்தியிலருந்து மாமா எந்திச்சு பின்பக்கம் போனாவ. நான் சன்னல்ல நின்னு பாத்தேன். அந்த ஆளுகளோட தரையில உக்காந்து, ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்ட்டாவ. ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கையப் போட்டு ஒரே சிரிப்பு.”

“அப்பாட்ட ஏம்மா சொல்லல?”

“எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சா அவிய ஒடிஞ்சு போயிருவாவளே.”

தன் கல்யாணத்தன்று தன் அப்பா பட்டினி கிடந்தார் என்ற நினைப்போடுதான் அப்பா கண்ணை மூடினார். இல்லை, தாத்தா வயிறார, சிரித்துக்கொண்டே சாப்பிட்டார் என்று சொல்ல இப்போது எங்கள் இருவராலும் முடியும். கேட்பதற்கு அவர் இல்லை.