மூன்று ஆட்சிக்கும் ஒரே வழிகாட்டி

எங்கள் அருங்காட்சியகத்து வழிகாட்டிக்கு நாங்கள் வைத்த பேர் டேப்பு. டேப் ரிக்கார்டர் மாதிரி, பொத்தானை அழுத்தினால் ஒப்பிப்பான். அழுத்துவது எந்த ஆட்சி என்று பார்க்க மாட்டான். நான் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள். அவன் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

டேப்புவுக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவன் அரசை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினான். சின்னவன் போலீஸ். அந்தச் சண்டையில் ஒரே வாரத்தில் இருவரும் செத்தார்கள். கடைக்குட்டி, அதே சண்டையைக் காட்சிக்கு வைத்த இடத்தில் வேலை வாங்கிக்கொண்டான்.

முதல் ஆட்சியில் அதற்குப் பேர் கலகம். போலீஸ் அண்ணன் படம் முன்கூடத்தில், விளக்கடியில். பெரியவன் படம் கழிப்பறைக்குப் போகிற வழியில். "இவரைக் கலகக்காரர்கள் கொன்றார்கள். இவன் தேசத் துரோகி" என்று கணீரென்று சொல்லுவான் டேப்பு. கூடப்பிறந்தவன் என்பதை மட்டும் முழுங்கிவிடுவான். ஒருநாள் அவன் அம்மா வந்து அதைக் காதால் கேட்டுவிட்டாள். அன்றோடு அவனிடம் பேச்சு நின்றது. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாளாம்.

ஆட்சி கவிழ்ந்தது. கலகம் ஒரே ராத்திரியில் புரட்சியாகிவிட்டது. செத்தவர்களில் ஒருத்தரும் எழுந்து வரவில்லை, படங்கள்தான் இடம் மாறின. அவசரத்தில் கீழிருந்த அட்டைகளை மாற்ற மறந்துவிட்டோம். "கடமை தவறாத காவலர்" என்ற அட்டைக்கு மேலே பெரியவன் சிரித்துக்கொண்டிருந்தான். புது மந்திரி வந்து மலர்வளையம் வைத்தார், கண்ணைத் துடைத்தார், போனார். படிக்கிற பழக்கம் அவருக்கும் இல்லை. மறுநாளிலிருந்து டேப்பு பெரியவனைப் போலீஸ் கொன்றது என்றான், போலீஸ் அண்ணனைக் "கைக்கூலி" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்டா, உனக்கு நாக்கு கூசலையா?" என்றேன்.

"வேலை அப்படி, அக்கா. மனசார சொல்லலைன்னு பெத்தவளுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறாளே" என்று அழுதான். பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது.

பிறகு அடித்துக்கொண்ட இரண்டு கட்சிகளும் கூட்டணி சேர்ந்தன. கலகம் என்றால் ஒருவருக்கு ரோஷம், புரட்சி என்றால் இன்னொருவருக்கு எரிச்சல். பேசிப் பேசி உள்நாட்டுப் போர் என்று பேர் வைத்தார்கள். யாருக்கும் வலிக்கவில்லை. படங்கள் இரண்டும் முன்கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஏறின. டேப்புவுக்குத் தலைகால் புரியவில்லை. இனி இரண்டு அண்ணன்களில் யாரையும் திட்ட வேண்டியதில்லை, அம்மா தன்னிடம் பேசிவிடுவாள் என்று அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். நான் டிக்கெட் கேட்கவில்லை.

கூட்டத்தோடு அவளும் நின்றாள். டேப்பு அவளைப் பார்த்தபடியே புதுப் பாடத்தை ஒப்பித்தான்: "இரு தரப்பிலும் துயரமான இழப்புகள் நேர்ந்தன. இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை."

அம்மா இரண்டு படங்களையும் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"முன்னாடியெல்லாம் ஒருத்தனை மட்டுமாவது கொன்னாங்கன்னு சொன்னே. இப்போ என் புள்ளைங்க ரெண்டு பேரையும் யாருமே கொல்லலைங்கிறியேடா."

வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அம்மா தனியாகவே படியிறங்கிப் போனாள். அவளைப் பேசவைக்க அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமா? பேசிவிட்டாள்.