மாமா வயலுக்குப் போன ஜிகினா

எங்கள் வீட்டில் ஜிகினா என் பொறுப்பு. யாரும் ஒப்படைக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டதுதான். மாதா தேர் கோவிலுக்குத் திரும்பியதும் அவிழ்த்துப் போடுகிற வெள்ளிச் சரம், ஆயுத பூஜைக்கு மறுநாள் டவுன் பஸ்ஸின் முகப்பிலிருந்து பிய்த்தெறிவது, பள்ளிக்கூட நாடகத்தில் ஏரோது ராஜாவின் கிரீடத்துக்கு ஒட்டி மிஞ்சியது, எதுவானாலும் என் தகர டப்பாவுக்கு வந்துவிடும். ஜிகினா சுற்றியிருந்தால் அங்கே ஏதோ சந்தோஷம் நடக்கிறது என்று அப்போது நம்பினேன்.

எல்லாம் கிறிஸ்துமஸ் குடிலுக்காக. விருத்தாசலத்தில் அப்பா வேலை பார்த்த பீங்கான் பொம்மைக் கம்பெனியில், சூளையிலிருந்து பழுதாக வருவதை ஆட்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அதனால் எங்கள் குடிலில் ஆடுகளுக்குக் காது இருக்காது. சூசையப்பருக்கு மூக்கில் விரிசல். இந்தக் குறையெல்லாம் ஜிகினாவுக்குள் ஒளித்துவிடுவேன். பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து குடில் பார்த்துப் பரிசு கொடுப்பார். போன வருஷம் எங்களுக்கு ஆறுதல் பரிசு. இந்த முறை விடுவதாக இல்லை.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கம்மாபுரம் பக்கத்தில் விவசாயம். வந்ததும் வராததுமாக என் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"பாப்பா, இத எனக்குக் குடு. நெல்லு பால் புடிக்குது. குருவிங்க அட்டகாசம் தாங்கல. பளபளன்னு கட்டி வுட்டா பயந்து ஓடிடும். பண்டிகைக்கு முன்னாடி கொண்டாந்து குடுத்துடறேன்."

நான் டப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டேன். ஒரு குண்டூசியைக்கூட யாருக்கும் இரவல் தராத அம்மா, அன்றைக்கு அடுப்படியிலிருந்தே, "குடுத்துடு பாப்பா, கேக்கறான் இல்ல" என்றாள். வேறு வழியில்லை. மாமாவின் வண்டி தெரு திரும்பும் வரை அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பண்டிகை நெருங்கியது, டப்பா வரவில்லை. நான் சாப்பிடமாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா எங்களை வண்டியில் ஏற்றினார். அம்மா கல்யாணப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். ஜிகினா வாங்கிவரப் பட்டுப்புடவை எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

தூரத்திலேயே வயல் தெரிந்துவிட்டது. வரப்போரம் நெடுக மூங்கில் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி ஜிகினாவை இழுத்துக் கட்டியிருந்தார் மாமா. வெயில் பட்டு ஒரே மினுமினுப்பு. சைக்கிளில் போனவர்கள் கால் ஊன்றி நின்று பார்த்தார்கள். அதற்கும் அப்பால் நிலக்கரிச் சுரங்கத்து மண்மேடு மலை மாதிரி கிடந்தது.

குருவிகளோ பயந்ததாகத் தெரியவில்லை. ஜிகினாவின் மேலேயே வரிசையாக உட்கார்ந்து ஊஞ்சலாடிக்கொண்டிருந்தன.

"மாமா, ஓட்டுங்க மாமா! எல்லாத்தையும் திங்குதுங்க!"

போன வருஷம் தகரத்தைத் தட்டிக்கொண்டு குருவிகளைத் தெரு வரை துரத்தியவர் அவர். இப்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தின்னட்டும் பாப்பா. அதுங்களும் எங்க போவுங்க" என்றார்.

கொஞ்ச நேரத்தில் டவுனிலிருந்து ஸ்டூடியோக்காரர் வந்தார். மாமாதான் வரச்சொல்லியிருந்தாராம். மாமியும் பட்டுப்புடவையில் வந்தாள். எல்லோரையும் வரப்பில் வரிசையாக நிற்கவைத்தார்கள்.

"நெலம் நல்லா தெரியணும் அண்ணே" என்றார் மாமா. "நாங்க சின்னதா வுழுந்தாலும் பரவால்ல."

அந்த நிலம் சுரங்கத்துக்குப் போகிறது, இந்த அறுப்போடு சரி என்பது என்னைத் தவிர அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். குருவிக் கதை எனக்காகச் சொன்னது. பெண்ணை மணையில் உட்காரவைக்குமுன் சோடிக்கிற மாதிரி, மாமா தன் வயலை ஒரு தடவை சோடித்துப் பார்க்க நினைத்திருக்கிறார். நானோ, கிறிஸ்துமஸுக்குத்தான் படம் எடுக்கிறார்கள் என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

படம் எடுத்து முடிந்ததும் மாமா ஒவ்வொரு சரமாக, அறுந்துவிடாமல் தன் கையாலேயே அவிழ்த்து டப்பாவில் வைத்துக் கொடுத்தார். பனியில் நனைந்து சிலது வெளுத்திருந்தது. அதற்கும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்த வருஷம் எங்கள் குடிலுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது.

பொங்கல் கழிந்து படம் வந்தது. மாமா கேட்டபடியே நிலம் பெரிதாக, மினுமினுவென்று விழுந்திருந்தது. நான் மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தேன். மாமா, மாமி, அப்பா, அம்மா நாலு பேரும் குனிந்து காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அழுதாள். படம் கெட்டுப்போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழுவாதம்மா. அடுத்த வருஷம் அதே எடத்துல நின்னு நல்லா எடுத்துக்கலாம்" என்றேன்.