புதன்கிழமைக்கு மாறிய கூட்டம்

லோதி ரோட்டில் உள்ள ஓர் அலுவலகத்தில் கூட்டங்களுக்கு ஏற்பாடு செய்வது என் வேலை. மேசையில் பெயர்ப்பலகைகளைப் பதவி வரிசைப்படி வைக்க வேண்டும். தேதி மாறினால் எல்லோருக்கும் நானே போன் செய்து சொல்ல வேண்டும். முகம் பார்த்துப் பேசக் கூசுகிற எனக்குப் போன் எவ்வளவோ தேவலை.

அந்த வாரம் திங்கட்கிழமைக் கூட்டம் புதனுக்கு மாறியது. புதனன்றுதான் மனைவியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கழுத்தில் ஒரு கட்டி. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தேதி. அங்கே எல்லாரும் ஹிந்திதான் பேசுவார்கள்; அவளுக்குக் காய்க்காரரிடம் பேசுமளவுக்குத்தான் ஹிந்தி வரும். நானும் கூட வருவதாகச் சொல்லியிருந்தேன்.

விடுப்புக் கேட்க அதிகாரியின் அறைக்குப் போனேன். "ஹாங், போலோ," என்று விஷயத்தைச் சொல்லச் சொன்னார், கணினியிலிருந்து கண்ணெடுக்காமல். சாய் கொண்டு வரட்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

பிறகு ஒவ்வொருவராக அழைத்து, புதன்கிழமை பதினொரு மணி என்று சொன்னேன். என்னை உள்ளே வைத்து நானே கதவைப் பூட்டுவது போலிருந்தது.

வேறொரு துறையில் உதவியாளராக இருக்கும் மதுரைக்காரப் பெண் மட்டும் சிரித்தார். "அய்யோ அண்ணே, எங்க மேடம் அன்னைக்கு சண்டிகர்ல இருப்பாங்க. அவங்க இல்லாம உங்க சார் கூட்டம் நடத்திருவாராக்கும்? அதையும் பாத்துருவோம்!"

எனக்குப் போன உயிர் திரும்பியது. ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன்.

"அச்சா? அப்ப வீடியோவுல வரச் சொல்லு," என்றார் ஹிந்தியில். "ஸ்க்ரீன் பக்கத்துலயே நில்லு. போன தடவை மாதிரி சத்தம் போயிடக் கூடாது."

வீட்டில் சொன்னபோது மனைவி திட்டவில்லை. "டாக்டர்ட்ட போனைக் குடுக்குறேன், நீங்க பேசுங்க. அதுக்காவது முடியுமா?" என்றாள்.

புதனன்று திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கதவு மேசைக்கு அந்தப் பக்கம். எல்லோர் முதுகையும் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த நேரம் பார்த்துத் திரையில் மேடத்தின் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்து வயரைப் பிடித்தேன். போன் அதிர்ந்து ஓய்ந்தது. மறுபடி அதிர்ந்தது.

ஒரு முடிவும் எடுக்காமலே கூட்டம் கலைந்தது. "அடுத்த தேதி சொல்றேன், எல்லாருக்கும் போன் பண்ணிடு," என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

தாழ்வாரத்தில் நின்று மனைவியை அழைத்தேன்.

"என்னென்னமோ கேட்டாரு, எனக்கு ஒண்ணும் புரியல. கூட ஆளைக் கூட்டிட்டு வான்னு வேற தேதி போட்டுட்டாங்க. அடுத்த வாரம் வியாழன். அன்னைக்காவது வருவீங்களா?"

அதிகாரி இன்னும் தேதி சொல்லவில்லை. அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள். வழியை விட்டு நகரும்படி யாரோ ஹிந்தியில் அவளை அதட்டுவது கேட்டது.