பின்சீட்டிலிருந்து இரண்டு தட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அந்த வண்டி இன்னும் என் அக்கா வீட்டு வாசலில்தான் நிற்கிறது. சந்தேகம் இருந்தால் ஏறிப் பார்க்கலாம். நான் ஏறமாட்டேன்.

அக்கா வீட்டுக்காரர், என் அத்தான், பேய் என்றால் சிரிக்கிற ஆள். அவர் பயந்த ஒரே பேய் மெக்கானிக் நீட்டும் பில்தான். அக்காவின் வளையல்களை விற்று, ஏழு பேர் உட்காரும் அந்தப் பெரிய வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். வாங்கின வாரமே சத்தம் ஆரம்பித்தது. மூன்றாவது கியர் போட்டால் பின்னாலிருந்து... டொக் டொக். கொஞ்சம் விட்டு மறுபடியும்.

முதல் மெக்கானிக் கிளட்ச் என்றார். மாற்றியாயிற்று. அடுத்தவர் கியர்பாக்ஸ் என்றார். அதையும் இறக்கி ஏற்றியாயிற்று. வளையல் போன வழியே சங்கிலியும் போயிற்று. சத்தம் மட்டும் போகவில்லை.

"ஏங்க, உங்க சாமர்த்தியத்த ஊருக்கே தட்டிச் சொல்லுது பாருங்க."

"நீ வேற சும்மா இரும்மா. நானே வெந்துபோயிருக்கேன்."

ஒன்று மட்டும் அவரை உறுத்தியது. வண்டி வேகமாகப் போனாலும் மெதுவாகப் போனாலும் தாளம் மாறவில்லை. யாரோ விரலை மடக்கித் தட்டுகிற அதே நிதானம்...

மூன்றாவது மெக்கானிக் பைபாஸ் ஓரத்தில் பட்டறை வைத்திருந்தவர். நல்ல வெயில் நேரம். அவர் ஓட்டினார். அத்தான் பக்கத்தில். பின்சீட் காலி.

டொக் டொக்.

மெக்கானிக் சட்டென்று ஓரங்கட்டினார்.

"பின்னாடி யாரு சார்?"

"யாருமில்லையே."

"இது வண்டி சத்தமில்ல. எங்க ஆளுங்க போடுற சத்தம்."

கோளாறு எங்கே என்று பிடிபடாவிட்டால், ஒருவர் ஓட்டுவாராம். இன்னொருவர் பின்னால் படுத்து, தரையில் காதை வைத்துக் கேட்டு, ஓட்டுபவருக்குத் தட்டிச் சொல்வாராம். ஒரு தட்டு என்றால் கோளாறு முன்னால். இரண்டு என்றால் பின்னால்.

பின் அச்சைப் பிரித்தார்கள். பேரிங் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் சக்கரம் இறுகி, வண்டி உருண்டிருக்கும். செலவு, கிளட்சுக்குக் கொடுத்ததில் கால்வாசிகூட இல்லை. அத்தானுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சத்தம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முன்சீட்டில் இருவரும். மூன்றாவது கியர்...

டொக்.

அத்தான் காத்திருந்தார்.

"ஏங்க... ஒண்ணுதான் கேட்டுச்சு."

அங்கேயே இறங்கிவிட்டார்கள். வண்டியைக் கட்டி இழுத்துவர வேறு தண்டச் செலவு.

அன்று சாயங்காலம், வண்டியை விற்றவரை போனில் பிடித்துத் திட்டித் தீர்த்தார் அத்தான். அந்த ஆள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்.

"ஒரு தடவை டெஸ்ட் ஓட்டும்போது வண்டி உருண்டுருச்சு சார். பின்னாடி காது வச்சுப் படுத்திருந்தவர் போயிட்டார். கடைசி வரைக்கும் தட்டிட்டே இருந்திருக்கார்..."

"அப்புறம்?"

"ஓட்டுனவர் கியர் சத்தம்னு நினைச்சு நிறுத்தவே இல்ல."