மாலை போட்டு நிறுத்திய மாத்திரை

கோணப்பன அக்ரஹாரத்தைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. மேம்பாலத்து நிழலில் நடந்தால் ஓசூர் ரோட்டின் புகை முழுவதையும் குடிக்க வேண்டும், ஓரமாக நடந்தால் வெளிச்சம் கண்ணைக் குத்தும். புகையே பரவாயில்லை என்று நிழலில் நடந்தேன். தோளில் ஒரு பை, இடுப்பில் கறுப்பு வேட்டி. கழுத்தில் மாலை இல்லை. முந்தாநாள் கழற்றிவிட்டார்கள். வாய்க்குள் நாக்கு வீங்கிக் கிடந்தது. நானே கடித்துக்கொண்டது. பஸ்ஸில் போயிருக்கலாம். கூட்டத்தில் மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் ஏறவில்லை.

விட்டுவிட்டு வந்தது எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்புறம் இருந்த ஒரு டிரைவர் அறையை. மறுநாள் காலை நான் வண்டி எடுப்பதா வேண்டாமா என்பதுதான் அன்று மிச்சமிருந்த கேள்வி. டிராவல்ஸ் முதலாளி எடுக்கச் சொன்னார். அரசு மருத்துவமனை டாக்டரம்மா கூடாது என்றார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுக் கிளம்பி, திருப்பூரில் சாயப்பட்டறை, லாரியில் கிளீனர், பீன்யாவில் லேத் பட்டறை என்று சுற்றியவன் நான். எதுவும் இரண்டு வருடம் நிலைத்ததில்லை. ஸ்டியரிங் ஒன்றுதான் கையில் ஒட்டியது.

அந்த அறையில் ஏழு பேர். எல்லோரும் கம்பெனி ஆட்களை ராத்திரி ஏற்றி விடியலில் இறக்குகிறவர்கள். பகலில் தூங்க வேண்டும். அறைக்கு மேலே கிரானைட் அறுக்கும் வேலை, கீழே வெல்டிங் கடை. வந்த முதல் மாதம் நான் கண்ணைத் திறந்தபடி படுத்துக் கிடந்தேன். சேலத்துக்காரர் ஒருவர், அறையில் மூத்தவர், பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த டாக்டர் காதில் போனை வைத்துக்கொண்டே கேட்டார்.

"தூக்கம் வரலியா? டென்ஷனா?"

"ஆமா சார்."

"இத போடு. பத்து நாள்."

அவ்வளவுதான் வைத்தியம். பத்து நாள் கழித்து என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வண்டிக்கு ஆயில் மாற்றும்போது மெக்கானிக்கிடம் இதைவிட அதிகமாகக் கேள்வி கேட்பேன். பத்து நாள் இரண்டரை வருடம் ஆனது.

டாக்டர் எழுதிய சீட்டுத் தீர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு அறையில் ஒரு வழி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு பழைய டிரைவர் எப்போதோ வாங்கிய மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு மாதிரி லேமினேட் செய்யப்பட்டு, கண்ணாடிக்குப் பின்னால் செருகியிருந்தது. இந்த மாத்திரை கொடுத்தால் மருந்துக் கடைக்காரர் சீட்டில் சீல் குத்த வேண்டும். சீல் விழுந்த சீட்டை மறுபடி நீட்ட முடியாது. பிளாஸ்டிக்கின் மேல் சீல் நிற்காது. இதுதான் எங்கள் கண்டுபிடிப்பு. கடைக்காரரும் சளைத்தவர் இல்லை. முத்திரையை வாயால் ஊதி ஈரப்படுத்தி, பிளாஸ்டிக் மேல் பவ்யமாக ஒரு குத்து குத்துவார். பிறகு தன் கட்டைவிரலாலேயே துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். சட்டமும் திருப்தி, நாங்களும் திருப்தி. சீட்டில் பெயர் இருந்த ஆள் ஊருக்குப் போய் மாடு வாங்கி, பகல் முழுக்க நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்ததாகக் கேள்வி. அவர் பெயரில் நாங்கள் ஏழு பேர் தூங்கினோம்.

மாத்திரைக்கு அறையில் 'அரை' என்று பெயர். பாதியாக உடைத்துப் போடுவதால் வந்த பெயர். என் அரை ஆறே மாதத்தில் ஒன்று ஆனது, அப்புறம் ஒன்றரை, அப்புறம் இரண்டு. பெயர் மட்டும் அரைதான். "அரை போட்டியா?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வோம், டீ குடித்தாயா என்பது போல. குடிகாரனைக் கண்டால் எங்களுக்கு ஏளனம். நாங்கள் டாக்டர் சொன்னதைச் சாப்பிடுகிறவர்கள் அல்லவா?

வண்டியின் பின் சீட்டில் இன்னொரு கூட்டம் இருந்தது. ஷிப்ட் முடிந்த காலை எட்டு மணிக்கு பீர் டின்னைத் திறக்கும் பையன்கள். நல்ல சம்பளம், நல்ல ஷூ. அவர்களுக்கு எங்கள் மாத்திரை தூக்கத்துக்கு இல்லை, ஜாலிக்கு. பீரோடு போட்டால் தலைக்குள் பஞ்சு நிரப்பினது போல இருக்குமாம். ஒருநாள் ஒருவன் முன்னால் குனிந்து கேட்டான்.

"அண்ணா, உங்க ஆளுங்ககிட்ட ஸ்ட்ரிப் இருக்குமாமே. ரெண்டு குடுங்களேன், வீக்கெண்டு."

கொடுத்தேன். பெரிய ஆள் ஆகிவிட்ட மாதிரி இருந்தது, பட்டம் வாங்கியவன் என்னிடம் கை நீட்டுகிறானே என்று. அவன் அங்கேயே பீரோடு விழுங்கினான். கூட்லு கேட் வருவதற்குள் அவன் தலை தொங்கிவிட்டது. எழுப்பினால் எழவில்லை. ஸ்ட்ராவில் மிச்ச ஜூஸை இழுப்பது போல விட்டுவிட்டு மூச்சு வந்தது. வண்டியை ஓரம் கட்டி, கன்னத்தில் அறைந்து, குப்புறச் சாய்த்து வாந்தி எடுக்கவைத்தேன். அவன் நண்பன் உதவி செய்யவில்லை, போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். "மச்சான் அவுட்டு, மச்சான் அவுட்டு" என்று ஒரே சிரிப்பு. பையன் பிழைத்துக்கொண்டான். திங்கட்கிழமை அதே சீட்டில் ஏறி எனக்கு குட்மார்னிங் சொன்னான். படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் இந்த விஷயத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவன் விளையாட்டாகச் செத்திருப்பான், நான் மருந்தாக. கொடுத்த கை என்னுடையது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அன்றே விட்டுவிட முடிவு செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் விட்டேன். மாலை போட்டுக்கொண்டேன்.

போன வருடம் பீடியை அப்படித்தான் விட்டிருந்தேன். கார்த்திகை பிறந்தால் அறையில் நாலு பேர் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், கறுப்பு வேட்டி, பீடி கிடையாது, குடி கிடையாது. அதுவரை "டேய்" போட்டவன்கூட "சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். சேலத்துக்காரர்தான் எங்களுக்குக் குருசாமி. மாத்திரையையும் பீடிக் கணக்கில் சேர்த்தேன். மாலை விழுந்த நிமிஷத்திலிருந்து ஒரு துண்டுகூடப் போடவில்லை.

முதல் நாள் தூக்கம் இல்லை, அது எதிர்பார்த்ததுதான். இரண்டாம் நாள் கை நடுங்கியது. தோலுக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் தகரத்தைக் கிழிப்பது போலக் கேட்டது. வேர்த்து வேர்த்து வேட்டி நனைந்தது. குருசாமியிடம் சொன்னேன்.

"சாமி, ஒரு மாதிரியா இருக்குது. ஒரு துண்டு மட்டும் போட்டுக்கவா?"

"சாமி, இது சோதன. உள்ள இருக்கிற வெசம் வெளிய போவுது. சரணம் சொல்லுங்க."

"நெஞ்சு படபடன்னு அடிக்குது சாமி."

"அடிக்கட்டும் சாமி. அடிக்காம நின்னாதான் நமக்குப் பிரச்சன."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுத் தட்டோடு விழுந்தேன். பிறகு நடந்தது எனக்குத் தெரியாது, சொல்லக் கேட்டதுதான். கை கால் இழுத்து, கண் மேலே செருகி, வாயில் ரத்தமும் நுரையும். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்க வேண்டும் என்பது நம் ஊர் வைத்தியம். அறையில் இரும்புக்கு எங்கே போவது? ஆளுக்கொரு கார்ச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் அழுத்தியிருக்கிறார்கள். இப்போதைய கார்ச் சாவி முழுக்க பிளாஸ்டிக். என் விரல் இறுகியதில் பட்டன் அமுங்கி, கீழே நின்ற வண்டியின் ஹார்ன் கத்த ஆரம்பித்திருக்கிறது. வெல்டிங் கடைக்காரர் ஓடிவந்து எல்லோரையும் திட்டி, என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆட்டோவில் ஏற்றினார். ஏழு டிரைவர்கள் இருந்த அறையிலிருந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனேன். ஆளுக்கு ஒரு சாவியோடு அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் பேசினார்.

"யாரு உங்களுக்கு ஒரேயடியா நிறுத்தச் சொன்னது?"

"மாலை போட்டேன் மேடம்."

அவர் என் வேட்டியைப் பார்த்தார். "மாலை போடுங்க, மலைக்குப் போங்க, நான் வேணாங்கல. ஆனா இந்த மாத்திரய பீடி மாதிரி தூக்கிப் போட முடியாது. ரெண்டு வருஷமா உங்க மூளை இத நம்பி ஓடுது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். மாசக்கணக்குல ஆகும். கம்மி நாளுக்கு எழுதினா இது நல்ல மருந்துதான். பத்து நாளுன்னா பத்து நாளு."

எப்படிக் குறைப்பது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். வாராவாரம் வந்து அந்த வாரத்து மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். உயரத்தில் ஏறக் கூடாது, நெருப்புப் பக்கம் நிற்கக் கூடாது, அவர் சொல்லும்வரை வண்டி ஓட்டவே கூடாது.

திரும்பிப் போனதும் குருசாமி தீர்ப்புச் சொன்னார். மாலையோடு மாத்திரை தொட்டதால் விரதம் கெட்டது. கழற்றி, படத்துக்கு முன்னால் வைத்தார். அந்தக் கையோடு தன் அரையைப் போட்டுக்கொண்டு படுத்தார். அவர் கழுத்தில் மாலை இருந்தது. "நான் நிறுத்தறேன்னு வேண்டிக்கலியே சாமி" என்றார். கண்ணாடிக்குப் பின்னால் லேமினேட் சீட்டு பளபளத்தது. என் பையில் ஒரு வாரத்து மாத்திரை எண்ணிப் போட்டிருந்தது. அந்த அறையில் அது ஒரு வாரம் தாங்காது. இரண்டு பகல் பொறுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இதையெல்லாம் நினைத்தபடி சிங்கசந்திரா தாண்டி ஒரு பேக்கரி வாசலில் நின்றேன். முதலாளி கார் வந்து நின்றது. அறையில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். கன்னடம் கலந்த தமிழ் பேசுகிறவர். அவரே இரண்டு டீ வாங்கினார்.

"ஏன் சாமி, சொல்லாம கொள்ளாம போறே? நாளைக்கு மார்னிங் டிராப் நாலு லேடீஸ் இருக்கு. ஆளே இல்ல."

"வலிப்பு வந்துச்சுண்ணா. ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க." தாளைக் காட்டினேன்.

அவர் அதை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "டாக்டருங்க அப்படித்தான் எழுதுவாங்க. ஒருவாட்டி வந்துச்சு, ஆயித்து. சும்னே பயப்படறே. மாத்திரய போட்டுட்டு ஓட்டு. இத்தன நாளு எப்படி ஓட்டினே? நம்ம பசங்க எல்லாம் எப்படி ஓட்டறாங்க? எனக்குத் தெரியாதா?"

தெரிந்திருந்தது. எல்லாம் தெரிந்துதான் இருந்தது அந்த மனிதருக்கு. அவர் சொன்னதில் எனக்கு ஆசையும் வந்தது. இருபது நிமிஷத்தில் அறைக்குத் திரும்பி, சாவியை எடுத்தால் போதும். வேலை தேடி அலைய வேண்டியதில்லை. பேப்பர் கப்பை உதட்டுக்குக் கொண்டுபோனேன். பாதி டீ கையில் கொட்டியது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ரோட்டில் போகும் தண்ணி லாரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"சரிண்ணா, எடுக்கறேன்" என்றேன். "முதல்ல நாளைக்கு உங்க பொண்ண காலேஜுல விட்டுட்டு வந்து, அந்த நாலு லேடீஸ ஏத்திக்கறேன். உங்க வீட்டுக்கு எத்தன மணிக்கு வரட்டும்?"

"அவ... அவ ஸ்கூட்டில போயிடுவா" என்றார்.

"மழை வர்ற மாதிரி இருக்கேண்ணா."

"அதெல்லாம் வேணாம் பிடு." டீயை முழுசாகக் குடிக்காமல் கப்பைக் குப்பை டப்பாவில் போட்டார். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி, "கொழுப்புடா ஒனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். கறுப்பு வேட்டிக்குக் கொடுத்த சாமி மரியாதை அங்கே முடிந்தது.

பொம்மனஹள்ளிக்கு வந்து சேரும்போது கால் கடுத்தது. பழைய லேத் பட்டறைச் சிநேகிதன் ஒருவன் வீட்டில் படுக்க இடம் கொடுத்தான். மாத்திரையைத் தாளில் இருந்தபடி போட்டுக்கொண்டேன், ஒரு துகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தூக்கம் துண்டு துண்டாக வந்தது.

காலையில் சிநேகிதன் மனைவி, பக்கத்துத் தெருவில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்யும் கூடத்துக்கு என்னை அனுப்பினார். நடத்துவது கிருஷ்ணகிரிப் பக்கத்து அம்மாள். ஏழெட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் அடுப்புப் பக்கம்.

"என்ன வேல தெரியும்?"

"வண்டி ஓட்டுவேங்க. இப்ப ஓட்டக் கூடாது. வலிப்பு வந்துச்சு. அடுப்புப் பக்கமும் நிக்கக் கூடாது." முதலிலேயே சொல்லிவிட்டேன். விரட்டுவதானால் உடனே விரட்டட்டும் என்று.

"இன்னும் என்னென்ன கூடாது? மொத்தமா சொல்லிடு" என்றாள் ஒருத்தி. சுற்றிலும் சிரிப்பு.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "விழுந்தா என்ன செய்யணும்?"

"ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும். வாயில எதையும் திணிக்கக் கூடாது. கையில சாவி குடுக்கக் கூடாது."

"சாவி எதுக்குக் குடுக்கப் போறோம்?" என்று கேட்டுவிட்டு, ஒரு மூட்டையை என் பக்கம் தள்ளினார். "கத்தி உனக்கு வேணாம். பூண்டு உரி. தண்ணியில ஊறப்போட்டு நகத்தாலயே உரிக்கலாம். அடுப்ப விட்டுத் தள்ளி, அந்தச் சுவத்தோரமா உக்காரு."

உட்கார்ந்தேன். பத்து மணிக்குள் நகக்கண் பத்தும் எரிந்தன. பக்கத்தில் இருந்தவள் என் கிண்ணத்தை எட்டிப் பார்த்து, இந்த வேகத்தில் உரித்தால் கல்யாணம் முடிந்து பிள்ளை பிறந்துவிடும் என்றாள். வேகத்தைக் கூட்டினேன்.