தனி அறையில் சொன்னது

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பெருமுக்கல் தெய்வநாயகிக்கு வாய் காதுவரை. பள்ளிக்கூடத்தில் பேசிப் பேசியே அடி வாங்கியவள், பிறகு பேசியே வக்கீலும் ஆனாள். அப்பேர்ப்பட்டவளைக் கொண்டுபோய் நீதிமன்றத்தின் சமரச மையத்தில் உட்காரவைத்தார்கள். வியாபாரத் தகராறில் முட்டிக்கொண்டு வருகிறவர்களைத் தனித்தனி அறையில் கேட்டு, ஒரு முடிவுக்குக் கொண்டுவர வேண்டும். தனி அறையில் ஒருவர் சொன்னதை, அவர் சம்மதமில்லாமல் மற்றவரிடம் மூச்சுவிடக் கூடாது. பதினோரு வருடமாக அவள் மூச்சுவிட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு, சேட்டு வரும்வரை.

சேட்டும் நடராசனும் மரக்காணத்தில் இருபது வருடம் கூட்டாக உப்பளம் நடத்தியவர்கள். ஒரு கோடை மழையன்று, பக்கத்துக் கழுவெளி ஏரியின் தண்ணீரைத் தடுக்கும் மதகுப் பலகை இறக்காமல் கிடந்தது. வாரிக் குவித்த உப்பெல்லாம் தண்ணீரோடு போயிற்று. அந்த வாரம் மதகு நடராசனின் மகன் ஜெயசீலன் பொறுப்பு. சேட்டு அவன்மேல் பழி சொல்லி வழக்குப் போட்டார். நடராசன் ஊர் பார்க்க மகனை அடித்து, வீட்டைவிட்டே துரத்தினார்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது தனி அறையில் சேட்டு உடைந்துபோனார்.

"நாந்தாம்மா பலகையைத் தூக்குனேன். எம் பாத்திக்குத் தண்ணி வுட்டுட்டு எறக்க மறந்துட்டேன். அந்தப் புள்ள தலையில கட்டிட்டேன். வெளிய சொல்லிடாதீங்க."

"நீங்களே சொல்லிடுங்களேன்" என்று தெய்வநாயகி கெஞ்சாத குறையாகக் கேட்டாள். சேட்டு மசியவில்லை. நஷ்டஈடு வேண்டாம், தன் பங்கான தெற்கு உப்புப் பாத்திகளையும் நடராசனே வைத்துக்கொள்ளட்டும் என்று கையெழுத்துப் போட்டார். மையத்தில் எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள்.

நாலே மாதத்தில் சேட்டு மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் குரல் மட்டும் அந்த அறையிலேயே தங்கிவிட்டது. வேறு யாருடைய வழக்கானாலும் சரி, அவள் கதவைச் சாத்தினால் "வெளிய சொல்லிடாதீங்க" என்று கேட்கும். மழை தூறினால் இன்னும் கிட்டத்தில் கேட்கும். அவர் உட்கார்ந்த நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல், கால் உடைந்தது என்று பொய் சொல்வாள். பயமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. செத்தவனுக்குக் கொடுத்த வாக்கு உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையைத் தின்கிறதே!

போன வாரம் நடராசன், தன் மகளின் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, அவள் தடுப்பதற்குள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சேட்டு இருந்திருந்தா மொத வரிசையில ஒக்காந்திருப்பான்மா. தங்கமானவன். எம் புள்ளையால நஷ்டப்பட்டும் எனக்கே பாத்தியை வுட்டுக்குடுத்தான்."

அவள் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தம்பி ஜெயசீலன் பேரைக் காணோமே?"

"அந்தப் பேரு எங்க வூட்ல இல்லீங்க. பலகையை எறக்குனேன்னு கடைசி வரைக்கும் சத்தியம் பண்ணான். எவன் நம்புவான்?"

வெளிய சொல்லிடாதீங்க, என்றது குரல், நடராசனின் தோளுக்குப் பின்னாலிருந்து.

"நம்புங்க" என்றாள் தெய்வநாயகி.

நடராசன் நிமிர்ந்தார். "சேட்டு எதுனா சொன்னானா?"

ஆமாம் என்று சொல்ல அவளுக்கு அனுமதியில்லை. இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. நடராசன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவருக்குப் புரிந்துவிட்டது.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அதிலிருந்த பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளினார். பிறகு அதை மடியில் போட்டார்.

"எம் புள்ள நம்பரை வூட்ல இருக்குற எல்லார் போன்லயும் நாந்தாம்மா அழிச்சேன்."