எண்ணெய் துடைத்த விரல்

ஆனி மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பு, என் ஆறு வயது மகளின் இடது கை மோதிர விரலில் ஊசியைக் குத்தினேன். அரிசி மணியளவு ரத்தம் வந்தது. மாமனாரின் சர்க்கரைக் கருவி அதை உறிஞ்சிக்கொண்டு 347 என்று காட்டியது.

நான் எதையும் நாளோடும் கிழமையோடும் நினைவில் வைப்பவள். கண்மாய் கடைசியாக எந்த ஐப்பசியில் நிரம்பியது, கஜா புயலில் யார் தோப்பில் எத்தனை பலா சாய்ந்தது என்பதற்கெல்லாம் வடகாட்டில் எங்கள் தெருக்காரர்கள் என்னைத்தான் கேட்பார்கள். அதனால் அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய நாட்களும் எனக்குக் கலங்காமல் நினைவிருக்கின்றன. பள்ளி திறந்த முதல் வாரமே மகள் தண்ணீர் அதிகம் குடிக்கத் தொடங்கியிருந்தாள். இரண்டாம் வாரம் புதன்கிழமை காலையில் படுக்கை நனைந்திருந்தது. மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம். மறுநாள் இல்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும். வகுப்பில் அடிக்கடி வெளியே போகக் கேட்கிறாள் என்று டீச்சரும் சொல்லி அனுப்பினார்.

வேறொருத்தியாக இருந்தால் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். நான் கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பவள். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் பெரியவர்களுக்கு வருவது போன்றதல்ல, இனிப்புத் தின்பதால் வருவதுமல்ல, கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடுவதால் வருவது என்று எப்போதோ படித்திருந்தேன். தாகம், அடிக்கடி சிறுநீர், விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்புவது என்று அதில் சொல்லியிருந்த அறிகுறிகள் எல்லாம் ஒவ்வொன்றாக என் வீட்டில் நடந்துகொண்டிருந்தன.

இரண்டாவது விரலிலும் குத்திப் பார்த்தேன். 268. ஒரே குழந்தை, ஒரே நேரம், இரண்டு எண்கள். அந்த வேறுபாடு என் கண்ணில் பட்டது. ஆனால் இரண்டுமே பயங்கரமாக இருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். அந்தக் கருவியை அவர்தான் போன விடுமுறையில் தம் அப்பாவுக்கு வாங்கி வந்தார். மாமனாருக்கு சர்க்கரை வந்து வெகு காலமாகிறது. அவருடைய அண்ணனுக்கு அதே நோயில் கால் விரல் இரண்டு போயின. எண்ணைப் பார்த்ததும் அவர் என் மகளைப் பார்க்கவில்லை, வாசல் கதவைப் பார்த்தார். எழுந்து போய் அதைச் சாத்திவிட்டு வந்தார்.

"வெளிய யாருக்கும் சொல்லாத ஆத்தா. பொம்பளப் புள்ள."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொல்லாவிட்டால் நானே அதை நினைத்திருப்பேன்.

உடனே கிளம்பினோம். மாமனார் வரவில்லை, போன் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றார். ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டை போகும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மகளுக்கு அது கொண்டாட்டம். பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆலங்குடி வருவதற்குள் பாதி காலி. அவள் ஒவ்வொரு மடக்கு விழுங்கும்போதும் நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

ஒரு தேதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். 1922 ஜனவரி. கனடாவில் ஒரு பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்ட மாதம். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதம் இழுத்துப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். நூலகத்தில் அதைப் படித்த அன்று எனக்கு அது வெறும் ஒரு தேதி. அந்தப் பஸ்ஸிலோ, அந்த மாதத்துக்கு இந்தப் பக்கம் பிறந்திருக்கிறாளே என் மகள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். ஊசிதான் போட வேண்டியிருக்கும். தினமும், பல முறை. போட்டுக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் யார் போடுவார்கள்? அங்கே வந்து என் நினைப்பு நின்றுவிடும். மறுபடி 1922க்குப் போவேன்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் குழந்தை மருத்துவர் என் வயதுடைய பெண். நான் தேதி தேதியாகச் சொன்னதைக் குறுக்கிடாமல் கேட்டார். இந்த அறிகுறிகளோடு இந்த எண்ணையும் பார்த்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே வந்தது சரி என்றார். விரலில் குத்துவது வேண்டாம், கையிலிருந்தே ரத்தம் எடுத்துவிடலாம், சிறுநீரும் பார்த்துவிடலாம் என்று சீட்டு எழுதினார். மகள் ரத்தம் எடுக்கும்போது அழவில்லை. சிறுநீர்க் குப்பியைத்தான் வெட்கத்தோடு பாவாடைக்குள் மறைத்து எடுத்து வந்தாள். முடிவு வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

காத்திருக்கும் கூடத்தில் எதிர் வரிசையில் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பெண்ணும் அவளுடைய அம்மாவும் இருந்தார்கள். கட்டுமாவடிக்காரர்கள், மீன் வியாபாரம். மாதம் ஒருமுறை வருகிறவர்கள் என்பது, செவிலியர் அந்தப் பெண்ணிடம் முழுப் பரீட்சை மார்க் வரைக்கும் விசாரித்ததில் தெரிந்தது. அம்மா இட்லி டப்பாவைத் திறந்தார். பெண் எழுந்து போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தாள். துண்டில் ஒவ்வொரு விரலாக ஈரம் போகத் துடைத்தாள். பிறகு பையிலிருந்து எங்கள் வீட்டில் இருப்பது போன்ற ஒரு கருவியை எடுத்து, தன் விரலில் தானே குத்திக்கொண்டாள். அவ்வளவு பேருக்கு நடுவில், தலை சீவிக்கொள்வது போல.

என் மகள் எழுந்து போய் அவள் முன்னால் நின்றுவிட்டாள்.

"வலிக்குமாக்கா?"

"கொசு கடிக்கும்ல, அம்புட்டுத்தான்." எண்ணைப் பார்த்துவிட்டு, சட்டையை லேசாகத் தூக்கி, வயிற்றில் பேனா போன்ற ஒன்றால் ஊசி போட்டுக்கொண்டாள். "இது அதவிடக் கம்மி."

ஏழு வயதிலிருந்து சர்க்கரை இருக்கிறது என்று அவள் அம்மா சொன்னார். பள்ளிக்கூடத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டேன். அவர் குரலைத் தணிக்காமல் பதில் சொன்னார். வகுப்பு முழுக்கத் தெரியுமாம். தலை சுற்றினால் சாக்லேட் எடுத்துக் கொடுக்க இரண்டு தோழிகள் பொறுப்பாம். "சொல்லாம வச்சிருந்தா மயங்கி விழுகுறப்ப யாருங்க தூக்குவா?"

என் மாமனார் சாத்திய கதவு எனக்கு நினைவு வந்தது.

பிறகு, பேச்சை நிறுத்த மனமில்லாமல்தான், பையில் ஸ்பிரிட் பஞ்சு வைத்திருக்கிறாயே, எதற்காக எழுந்து போய்க் கை வேறு கழுவினாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"பஞ்சுல தொடச்சாப் பத்தாதுங்க. கையில இனிப்பு ஒட்டியிருந்தா அதையுஞ் சேத்துக் காட்டிப்புடும். ஒருவாட்டி லட்டு புடிச்ச கையோட குத்தி முன்னூறு காட்டிருச்சு. எங்கம்மா அழுத அழுகைக்குத் தெருவே கூடிருச்சு."

"வாயப் பாரு இவளுக்கு," என்றார் அம்மா.

நான் மகளின் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். அன்று காலையில் மாமனார் தோப்பிலிருந்து பலாப்பழம் அறுத்து வந்திருந்தார். மகள் அவரோடு உட்கார்ந்து சுளை எடுத்தாள், தின்றாள். எங்கள் ஊரில் பலாப்பழத்தில் கை வைத்தவர்கள் தண்ணீரில் கழுவ மாட்டார்கள். தண்ணீர் பட்டால் பிசின் இன்னும் இறுகிக்கொள்ளும். எண்ணெய் தேய்த்து, பழைய துணியில் வழித்துத் துடைப்போம். விரல் பளபளவென்று சுத்தமாகத் தெரியும். அப்படித் துடைத்த விரலில்தான் நான் குத்தியிருக்கிறேன். இரண்டு விரல், இரண்டு எண்.

"காலையில என்னங்க சாப்புட்டா பாப்பா?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் என் மகள் ஊரையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

"வடகாட்டுப் பலாவா? அப்ப மிஷினுக்கும் ஒரு சொளை ஊட்டிவிட்டுட்டு வந்திருக்கீங்க."

அவள் அம்மா அவளைக் கிள்ளினார். நான் சிரித்தேன்; கண்ணில் நீர் வந்தது. ஆனாலும் நிம்மதிப்பட எனக்குத் துணிவில்லை. எண் பொய்யாக இருக்கலாம். தாகம் பொய்யில்லையே. நனைந்த படுக்கை பொய்யில்லையே. அந்த மிச்ச நேரத்தில் அந்தப் பெண் இட்லி தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்னியைத் தொட்டுத் தொட்டு, அம்மாவோடு வாயாடிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு இனி இரண்டு டப்பா வேண்டும் என்று சண்டை போட்டுக்கொண்டு தின்றாள். இப்படி ஒரு பெண்ணாக என் மகள் ஆவாள் என்றால் அதற்கு எதற்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று தோன்றியது. முடிவு வருவதற்கு முன்னால் எனக்கு அது தோன்றிவிட்டது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பெயர் சொல்லி அழைத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை 94. சிறுநீரில் சர்க்கரையும் இல்லை, கவலைப்பட வேண்டிய வேறு எதுவும் இல்லை. மூன்று மாதச் சராசரிக்கும் ரத்தம் அனுப்பியிருப்பதாகவும், அது திங்கள்கிழமை தெரியும் என்றும் மருத்துவர் சொன்னார். (திங்களன்று அதுவும் சரியாகவே வந்தது.) பலாப்பழக் கதையைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, இந்தப் பருவத்தில் இனி எல்லாரிடமும் முதலில் பலாப்பழம்தான் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்றார்.

பிறகு என் மகளைப் பக்கத்தில் இழுத்து, இவ்வளவு தண்ணீர் எதற்குக் குடிக்கிறாய் என்று கேட்டார். இரண்டு வாரமாக நான் அவள் குடித்ததை அளந்து பார்த்திருந்தேனே ஒழிய, அவளிடம் இதைக் கேட்கவே இல்லை.

"நாந்தான் தண்ணி லீடர்."

பள்ளியில் தண்ணீர் குடிப்பதற்கென்று ஒரு மணி அடிக்கிறார்கள். மணி அடித்ததும் எல்லாரும் பாட்டிலைத் திறக்க வேண்டும். லீடர் முதலில் குடித்து முடித்துவிட்டு, மற்றவர்கள் குடித்தார்களா என்று பார்க்க வேண்டும். "மிச்சம் வச்சா வேற ஆளப் போட்டுருவாங்க" என்று அவள் விளக்கினாள். பதவி போகக் கூடாதென்று வீட்டிலும் பழகியிருக்கிறாள்.

லீடர் பாதி பாட்டில் குடித்தால் போதும், அதுதான் சட்டம் என்று மருத்துவர் சொன்னார். சாயங்காலத்துக்குப் பிறகு லீடருக்கு விடுமுறை என்றும் சேர்த்துக்கொண்டார். மகள் ஒப்புக்கொண்டாள். இனியும் படுக்கை நனைந்தாலோ, எடை குறைந்தாலோ தாமதிக்காமல் கூட்டி வரவேண்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அதன் பிறகு நனையவில்லை.

வெளியே வந்ததும் மாமனாருக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "சாப்புட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றார். கணவரிடம் அன்று மாலைதான் முழுவதையும் சொன்னேன். அவர் தாம் வாங்கிய கருவி நல்ல கருவிதான் என்று இரண்டு தடவை சொன்னார்.

மாமனாருக்கு மட்டும் ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. பலாப் பருவம் தொடங்கியதிலிருந்து தமக்கும் எண் எகிறிக்கொண்டிருந்ததே, அதுவும் பிசின்தானோ என்று. வீட்டுக்கு வந்ததும் என் கண் முன்னால் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினார். துடைத்தார். குத்தினார்.

"கழுவுனதுக்கப்பறமும் இருநூத்திப் பதினாலு காட்டுதே ஆத்தா?"

"அது ஒங்க சொந்தச் சக்கரை மாமா."

என் மகள் எதற்கென்று தெரியாமலே விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். அன்றிலிருந்து பழத்தில் நான் எடுத்துக் கொடுப்பதைத்தான் தின்கிறார். பின்பக்கம் போய் என்ன தின்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

ஆனி முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது அவரே தோப்புக்குள் போய், ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்து, சின்னதாக, மணத்தோடு ஒன்றை இறக்கினார். கட்டுமாவடிப் பெண்ணுக்கு. அவள் அம்மாவின் நம்பர் என்னிடம் இருந்தது. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் அவள் அப்பா வந்து வாங்கிக்கொள்வதாகப் பேசியாயிற்று. சாக்கில் கட்டிய பழத்தை மாமனார் தம் தோளிலேயே கடைத்தெரு வழியாகத் தூக்கி வந்தார். டீக்கடையில் யாருக்கு என்று கேட்டார்கள். சொன்னார். மளிகைக் கடையில் கேட்டார்கள். அங்கேயும் நின்று சொன்னார். நானும் மகளும் பின்னால் நடந்தோம்.

பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டரிடமும் சொன்னார், சர்க்கரை இருக்கிற பிள்ளைக்குப் போகிறது, பார்த்து இறக்கிக் கொடுங்கள் என்று.

"சுகர் இருக்க புள்ளைக்குப் பலாப்பழமா? நல்ல ஆளுய்யா நீங்க."

"அது எத்தனை சொளைக்கு எம்புட்டு மருந்துன்னு கணக்குத் தெரிஞ்ச புள்ள," என்றார் மாமனார். கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னார். "ஒனக்கும் எனக்குந்தான் அது தெரியாது."